கற்பூரம் எங்கே போனது?

ஜப்பான்காரன் ஆட்சியில் குருண் ஊரில் எல்லாமே போர்ப் பொருள்தான். கோயில்காரர்களுக்காக ஜலீல் தன் கடையில் வைத்திருந்த கற்பூரமும் அப்படித்தான் ஆயிற்று. அதைப் பறித்துப் போன அதிகாரி, ஒரு காகிதத்தில் கொட்டி, தன் கோட்டுகள் தொங்கும் அலமாரிக்குள் வைத்துப் பூட்டினார். சாவி அவர் கழுத்திலேயே தொங்கியது.

சில மாதம் கழித்துத் திறந்தால் வெறும் காகிதம்தான் இருந்தது. அதிகாரி முதலில் காவலாளியை அறைந்தார். விசாரணை என்றால் அதுதான். பிறகு தன் பேச்சை மொழிபெயர்க்கும் துபாஷி முருகையாவைக் கூப்பிட்டார். போருக்கு முன் பள்ளியில் விஞ்ஞானம் நடத்தியவர் அவர்.

“யாரும் திருடவில்லை, ஐயா. கற்பூரம் உருகாமலே ஆவியாகிவிடும். கண்ணுக்குத் தெரியாத துகள்களாகப் பிரிந்து காற்றில் கலந்துவிடும். உங்கள் கோட்டை மோந்து பாருங்கள்” என்று முருகையா ஜப்பானிய மொழியில் பணிவாகச் சொன்னார்.

கோட்டு கமகமத்தது. அதிகாரியின் முகம் மலர்ந்தது.

“அப்படியானால் கற்பூரம் இந்த அறைக்குள்தான் இருக்கிறது! சன்னல்களை ஆணியடித்து மூடு!”

“கதவு இடுக்கு வழியாகவும் போய்விடுமே, ஐயா.”

அந்த உண்மைக்காக முருகையாவின் கன்னமும் சிவந்தது.

மறுநாள் முதல், அந்த வெக்கையில், கோட்டும் போட்டுக்கொண்டு, மூடிய அறையில் அமர்ந்து அதிகாரி பேரரசரின் கற்பூரத்தைக் காத்தார். துபாஷி என்பதால் பக்கத்திலேயே முருகையாவும் வெந்தார்.

மாலையில் சட்டை நனைந்து வெளியே வந்த முருகையாவிடம் ஜலீல் மெல்லக் கேட்டார்: “என்ன அண்ணே, திருடன் அகப்பட்டானா?”

“காத்தைப் பிடிச்சு அடைச்சாச்சு லா. நாளைக்கு விசாரணை. நான்தான் மொழிபெயர்க்கணும்.”