ஒரு குழலா, இரண்டு குழலா?

ரொமானாவின் துப்பாக்கி அவளுடைய ஜீப்பின் சக்கரத்துக்கு அடியிலேயே மாட்டி நொறுங்கியது. கன்று ஈன முடியாமல் தவித்த பசுவைப் பார்க்க அவசரமாகக் கிளம்பியவள், கொட்டகைச் சுவரில் சாய்த்து வைத்ததை மறந்து வண்டியைப் பின்னால் எடுத்துவிட்டாள். பசு பிழைத்தது. துப்பாக்கி பிழைக்கவில்லை.

ரொமானா எங்கள் பள்ளத்தாக்கின் கால்நடை மருத்துவர். பதினொரு வருடமாக நாங்கள் இருவரும் ஒரே காட்டில் வேட்டைக்குப் போகிறோம். புதுத் துப்பாக்கிக்காக அவளுடன், துப்பாக்கித் தொழிலுக்குப் பேர்போன ஃபெர்லாக் ஊருக்கு நானும் போனேன். துப்பாக்கி செய்யும் ஒட்டிலியம்மா அளவெல்லாம் எடுத்து முடித்துவிட்டு ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்.

"குழல் ஒண்ணே போதுமா, இல்ல கழட்டி மாட்டுற மாதிரி ரெண்டு வேணுமா? சின்னத் தோட்டாக் குழல் மலையாட்டுக்கு, பெரிய தோட்டாக் குழல் கலைமானுக்கு. சொன்னாத்தான் வேலைய ஆரம்பிக்க முடியும்."

"யோசிச்சுச் சொல்றேன்" என்றாள் ரொமானா.

யோசித்தாள், யோசித்தாள், மூன்று வாரம் யோசித்தாள். காலையில் எனக்குப் போன் செய்து, "ரெண்டுதான் இக்னாஸ். தோளுக்குப் பழகின கட்டை ஒண்ணு, விசை ஒண்ணு. குழல் மட்டும் மாறும்" என்பாள். மத்தியானம் மறுபடி அழைப்பாள். "மலைக்கு ஒண்ணைத்தானே தூக்கிட்டுப் போகப் போறேன்? இன்னொண்ணு வீட்டுல தூங்கறதுக்கா?"

"நடுத்தரத் தோட்டா போடுற மாதிரி ஒரே குழல் வாங்கிட்டுப் போயேன். என்கிட்ட இருக்கே, முப்பது வருஷமா" என்பேன்.

"உன் துப்பாக்கி உன்ன மாதிரியே. எதுக்கும் ஆகும், எதுக்கும் பிரமாதம் இல்ல."

பொறுத்துப் பொறுத்துப் பார்த்த ஒட்டிலியம்மா, இரண்டு குழல்களை மாற்றி மாட்டும் துப்பாக்கி ஒன்றை இரவலாகவே கொடுத்து அனுப்பினார். குழலைக் கழற்றி மாட்டிச் சுட்டுப் பார்த்தோம். பத்து முறை மாற்றினாலும் குண்டு அதே இடத்தில்தான் விழுந்தது. குறை சொல்ல ஒன்றுமில்லை. அதுவே அவள் குழப்பத்தை இன்னும் கூட்டியது.

அக்டோபரில் ஒரு சனிக்கிழமை, விடிந்ததும் மலையாட்டுக்காக ஏறினோம். அவள் சின்னக் குழலை மாட்டியிருந்தாள். பெரியது கீழே ஜீப்பில். பாறைச் சரிவில் எனக்கு ஆறடி முன்னால் அவள் படுத்திருந்தாள். மூடுபனி விலகியபோது அவள் தோள் விறைத்தது.

"கலைமான்," என்று மெல்லச் சொன்னாள். "முன்னங்கால் உடைஞ்சு தொங்குது. சாலையில ஏதோ வண்டி மோதியிருக்கணும்."

என் கண்ணுக்குப் பாறைதான் தெரிந்தது. நான் அசைந்தால் மான் ஓடிவிடும். அந்தக் காலோடு ஓடினால் எங்காவது புதருக்குள் நாள்கணக்கில் கிடந்து சாகும்.

"சுடேன்!"

"இந்தத் தோட்டாவாலயா? இன்னொரு காயம்தான் ஆகும்."

ஜீப்புக்குப் போய்வர ஒன்றரை மணி நேரம். என் துப்பாக்கியைப் புல்லில் மெதுவாக முன்னே தள்ளினேன். அவள் பின்னால் கை நீட்டி வாங்கினாள். அதற்கு முன் அதை அவள் ஒருமுறைகூடச் சுட்டதில்லை. கட்டை அவளுக்கு நீளம். கன்னத்தை வைத்தாள், எடுத்தாள், மறுபடி வைத்தாள்.

ஒரே வெடி. மான் நின்ற இடத்திலேயே விழுந்தது.

எங்கள் வேட்டை வழக்கப்படி, கடைசிக் கவளமாக அதன் வாயில் ஃபிர் மரத்துச் சிறுகிளை ஒன்றை வைத்தேன். இன்னொரு கிளையை, சுட்டவருக்கான மரியாதையாக, அவள் தொப்பியில் செருகக் கொடுத்தேன். அவள் அதைச் செருகிக்கொண்டு, மானின் உடைந்த காலைத் தொட்டுப் பார்த்தாள். பிறகு என் பக்கம் திரும்பினாள்.

"பாத்தியா, ஒரே குழல்தான் காப்பாத்துச்சு."

"அதத்தானே நானும் சொல்றேன்!"

"இல்ல, இரு. பெரிய குழல மாட்டியிருந்தா நானே சுட்டிருப்பேனே?"

"எந்தக் குழல மாட்டணும்னு கலைமான் முன்கூட்டியே கடிதம் போடுமா?"

அவளுக்குச் சிரிப்பு வந்தது, கூடவே கண்ணும் கலங்கியது. "நீ இல்லன்னா என்ன செஞ்சிருப்பேன் இக்னாஸ்? குழல் ஒண்ணா ரெண்டாங்கறது வேற விஷயம். ஐயோ, இப்ப எனக்கு ஒண்ணுமே புரியல."

எனக்கும்தான். வாதத்தில் ஜெயித்துவிட்டேன் என்று தோன்றியது. ஆனால் சுட்டது அவள்.

திங்கட்கிழமை ஒட்டிலியம்மாவுக்கு அவள் போன் செய்தபோது நான் பக்கத்தில் இருந்தேன். "ஒண்ணு," என்றாள். "கழட்ட முடியாதது. நடுத்தரத் தோட்டாவுக்கு." சொல்லிவிட்டுப் போனை என் முன்னால் மேசைமேல் வைத்தாள்.

"சரியாத்தானே சொன்னேன்?"

"தெரியாது."

"மூணு வாரமா நீதானே சொன்ன!"

"அப்பத் தெரிஞ்சிருந்துச்சு."

மே மாதம் புதுத் துப்பாக்கியோடு வந்து முதல் சிறுமானைச் சுட்டாள், ஒரே குண்டில், சுத்தமாக. திருப்தியா என்று கேட்டேன். ஆமாம் என்று தலையாட்டினாள். இறங்கும் வழியில் பாதித் தூரத்தில் திடீரென்று நின்றாள்.

"மலையாட்டுக்கு மட்டும், ஒரு சின்னக் குழல் இருந்திருக்கலாமோ?"