எந்த நூறு பேர்?

அன்று பெற்றோருடன் அது ஆறாவது சந்திப்பு. பள்ளியில் பிள்ளைகளுக்குத் தேர்வு வைத்து அறிக்கை எழுதும் ஆலோசகருக்குத் தொண்டை கட்டியிருந்தது. காலையிலிருந்து ஒரே பாட்டைத்தான் பாடிக்கொண்டிருந்தாள். சொல்கிறவளுக்கே அலுத்துப்போன விளக்கம் கேட்கிறவர்களுக்கு எப்படி ஏறும்?

கதவைத் தட்டிவிட்டு, சீருடையோடே உள்ளே வந்தாள் ஒரு பெண். நகரப் பேருந்து ஓட்டுநர். மூன்றாம் வகுப்பில் படிக்கும் மகளின் அறிக்கையை நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்திருந்தாள். மடிப்பு கிழிய ஆரம்பித்திருந்தது.

"ரெண்டு மணிக்கு வண்டி எடுக்கணும் மேடம். சுருக்கமா சொல்லிடுங்க. இந்த ஏழு என்ன ஏழு? அவ அப்பா இதைப் பார்த்துட்டு, நூத்துக்கு ஏழா வாங்கிட்டு வந்தேன்னு கத்திட்டார். நாலு நாளா அவகிட்ட முகம் கொடுத்துப் பேசல. வீட்டுல அவளுக்குப் பேரே வாயாடி. அவ வாயே திறக்கிறதில்ல இப்போ."

ஆலோசகருக்குச் சுருக்கென்றது. "ஐயோ, அது மார்க் இல்லம்மா" என்று நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டாள்.

"வாசிப்புத் தேர்வுல மொத்தம் அறுபது கேள்வி. உங்க பொண்ணு முப்பத்தொண்ணுக்குச் சரியா பதில் சொல்லியிருக்கா. அதுதான் மூல மதிப்பெண். ஆனா அதை மட்டும் வச்சு ஒண்ணும் சொல்ல முடியாது. அஞ்சு வயசுக் குழந்தை முப்பத்தொண்ணு எடுத்தா ஆகா ஓகோ. பதினைஞ்சு வயசுல எடுத்தா கவலைப்படணும். அதனால ஒத்த வயசுப் பிள்ளைகளோட ஒப்பிட்டுப் பார்ப்போம். அப்படி வர்றதுதான் இந்த எழுபத்தெட்டு, தர மதிப்பெண். நூறுங்கிறது சராசரி. அதையே வரிசையா சொன்னா பர்சென்டைல். நூறு பேரை வரிசையா நிக்க வச்சா, ஏழு பேர் இவளுக்குப் பின்னாடி நிக்கிறாங்கன்னு அர்த்தம்."

"அப்போ மீதிப் பேர் முன்னாடி."

"ஆமா."

"இது? ரெண்டாம் வகுப்பு நிலைன்னு போட்டிருக்கே. கீழ இறக்கிடுவீங்களா?"

"இல்லவே இல்ல. ரெண்டாம் வகுப்புப் பிள்ளைங்க சராசரியா எடுக்கிற அளவு எடுத்திருக்கான்னு மட்டும்தான் அது. அதை நானே எழுதாம இருந்திருக்கலாம். எல்லாரும் தப்பா எடுத்துக்கிறாங்க."

ஓட்டுநர் தாளையே பார்த்துக்கொண்டிருந்தாள். தர மதிப்பெண் எண்பதுக்குக் கீழே வந்தால், படிப்பில் பின்தங்கியவர்களுக்கான தனிப் பிரிவுக்கு மாற்றப் பரிந்துரைப்பது அந்தப் பள்ளியின் வழக்கம். அதற்குப் பெற்றோர் கையெழுத்துப் போடவேண்டிய இடத்தில் ஆலோசகர் பென்சிலால் ஒரு குறி வைத்திருந்தாள்.

"எந்த நூறு பேர் மேடம்?"

"புரியலம்மா."

"வரிசையில நிக்கிற நூறு பேர். அவங்க யாரு?"

இத்தனை வருடத்தில் இப்படி ஒருவரும் கேட்டதில்லை. "ஒன்பது வயசு மூணு மாசம் ஆன பிள்ளைங்க. உங்க பொண்ணு வயசுதான்."

"அவளுக்கு எட்டே கால்தானே? ஒன்பதே முடியலையே!"

ஆலோசகர் முதல் பக்கத்தைத் திருப்பினாள். தேர்வு நடந்தது இரண்டாம் மாதம். குழந்தை பிறந்தது பதினொன்றாம் மாதம். வயதுக்காகக் கழிக்கும்போது, ஆண்டிலிருந்து பன்னிரண்டு மாதத்தைக் கடன் வாங்கியவள், ஆண்டில் ஒன்றைக் குறைக்கவில்லை. மூன்றாம் வகுப்புப் பிள்ளை செய்கிற கழித்தல் கணக்கு. அன்றைக்கு எட்டு அறிக்கைகளை ஒரே மூச்சில் முடித்தது நினைவுக்கு வந்தது. காது மடல் சூடாயிற்று.

சமாளிக்கலாம் என்று ஒரு நொடி தோன்றத்தான் செய்தது. மறுபடி சரிபார்த்து அனுப்புகிறேன் என்று மழுப்பினால் வேலை முடிந்தது. எதிரே இருந்தவள் கடிகாரத்தைப் பார்க்கவில்லை. இவள் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"தப்பு என்னோடதும்மா" என்றாள் ஆலோசகர். "ஒரு வயசு கூட்டிப் போட்டுட்டேன். ஒன்பது வயசுப் பிள்ளைங்க வரிசையில கொண்டுபோய் நிறுத்திட்டேன் அவளை."

அட்டவணைப் புத்தகத்தை எடுத்து, அடிக்கோல் வைத்துச் சரியான பக்கத்தில் பார்த்தாள். அதே முப்பத்தொன்று, இப்போது எண்பத்தெட்டு. வரிசையில் இருபத்தொரு பேர் பின்னால்.

"அப்போ நல்லா படிக்கிறாளா?"

ஆமாம் என்று சொல்லிவிட ஆசையாகத்தான் இருந்தது. "இல்லம்மா. வாசிக்கிறதுல இன்னும் கொஞ்சம் தடுமாறுறா. ஆனா பெரும்பாலான பிள்ளைங்க இருக்கிற இடத்துக்குப் பக்கத்துலதான் இருக்கா. வகுப்பு மாத்தத் தேவையில்ல. வாரம் ரெண்டு நாள் வாசிப்புப் பயிற்சி போதும்."

ஓட்டுநர் பழைய தாளை மடித்தாள். கோபப்படுவாள் என்று ஆலோசகர் காத்திருந்தாள். அவளுக்கு அதற்கும் தெம்பில்லை போலிருந்தது.

"எழுதிக் கொடுங்க. நான் வாயால சொன்னா அவ அப்பா நம்பமாட்டார். உங்க தப்புன்னும் எழுதணும்."

எழுதிக் கையெழுத்திட்டுக் கொடுத்தாள். "பொண்ணுகிட்ட நானே ஒரு வார்த்தை சொல்லட்டுமா?"

"வேணாம் மேடம். அவளுக்கு நீங்க யாரு? அவ அப்பா வாயாலதான் சொல்லணும்" என்று சொல்லிவிட்டு ஓட்டமும் நடையுமாகக் கிளம்பினாள்.

அன்று மாலையே தலைமையாசிரியையிடம் போய்த் தன் தப்பைச் சொன்னாள் ஆலோசகர். அவர் கண்ணாடியைக் கழற்றினார். "இது ஒண்ணுதானா?"

"தெரியல மேடம். இந்த வருஷம் எழுதின நாற்பத்திரண்டு அறிக்கையையும் பார்க்கணும்."

"பாருங்க. சந்திப்புகளையும் தள்ளிப்போட முடியாது, சொல்லிட்டேன்."

மூன்று நாள் பிடித்தது. ஒவ்வொரு பிறந்த தேதியையும் விரல் விட்டு எண்ணிக் கழித்தாள். பதினேழாவது அறிக்கையில் அதே தப்பு, ஒரு பையன். இரண்டு மாதமாகத் தனிப் பிரிவில் உட்கார்ந்திருந்தான். வெந்நீரை ஒரு வாய் குடித்துவிட்டு, அவன் வீட்டு எண்ணைத் தேடி எடுத்துத் தொலைபேசியில் அழுத்தினாள்.