தேர்ப்பந்தயம் முடியும்வரை

பக்கவாதம் வந்து ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பிய நாள் முதல் தையல்காரியின் கணவர் வாயே திறக்கவில்லை. அவருக்கு உயிரான பழைய ரோமாபுரிப் படத்தின் டிவிடியைத் தேடியெடுத்துப் போட்டாள். பேச்சு வந்துவிடாதா என்று, திரையைப் பார்க்காமல் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

தேர்ச் சக்கரங்கள் உரசித் தீப்பொறி பறந்தபோது அவர் உதடு அசைந்தது.

“பயப்படாதீங்கம்மா,” என்றார் குழறலாக. “நம்ம ஆளுதான் ஜெயிப்பான்.”

பேச்சு வந்துவிட்டது. ஆனால் கல்யாணமான நாளிலிருந்து அவளை ‘வாடி, போடி’ என்றே கூப்பிட்ட மனுஷர் அவர்.

“நான் யாருங்க?” என்று கேட்க வாயெடுத்தவள், பயந்துபோய், “நிஜமாவா?” என்று மட்டும் கேட்டாள்.

“நான் முன்னாடியே பாத்துட்டேன்,” என்று சொல்லி, அவளுக்குத் திரை மறைக்காதபடி சற்றுத் தள்ளி உட்கார்ந்தார்.