டேவிட்டின் குரல் தங்கிய வீடுகள்

கம்ப்யூட்டர் நின்றுபோன மறுநாள் காலை, டேவிட்டின் குரல் சரோஜம்மா வீட்டுக் குக்கரிலிருந்து வந்தது. விசில் வரவேண்டிய நேரத்தில், “ஃப்ளோரா, என் சோப்பு டப்பா எங்கமே?” என்று அது கத்தியது. “ஃப்ளோரா இங்க இல்லப்பா, உன் ஊட்லதான் கீறா” என்று சொல்லிவிட்டு சரோஜம்மா அடுப்பைத் தணித்தாள். பருப்பு நன்றாகவே வெந்திருந்தது.

டேவிட், ஸ்கெலட்டன் என்ற தங்கச் சுரங்கக் குடியிருப்பில் இருந்த தொழிலாளி; கிறிஸ்துமஸ் பஜனையில் முதல் குரல் அவருடையது. இரண்டாயிரமாம் ஆண்டு மழைக்காலத்தில் தொண்டையில் புற்றுநோய் என்றும், குரல்வளையை எடுத்தால்தான் உயிர் தங்கும் என்றும் டாக்டர் சொன்னார். அவர் மனைவி ஃப்ளோரா அப்போது மாலை வகுப்பில் கம்ப்யூட்டர் படித்துக்கொண்டிருந்தாள். பழகுவதற்கென்று பழைய கம்ப்யூட்டர் ஒன்றும் வீட்டில் இருந்தது. ஆபரேஷனுக்கு முந்தைய நாட்களில் மைக்கை அவர் முன்னால் வைத்து பாட்டு, ஜெபம், சாப்பிடக் கூப்பிடுவது என்று ஒவ்வொன்றாகப் பதிந்தாள். திட்டும் வேண்டும் என்றாள். கேட்டதும் அவருக்குத் திட்ட வரவில்லை. ஆகவே சோப்பு டப்பாவை ஒளித்து வைத்தாள். மிக நல்ல திட்டு கிடைத்தது. முக்கியமானதற்கு இரண்டு பிரதி வேண்டும் என்று வகுப்பில் சொல்லியிருந்ததால், எல்லாவற்றையும் இன்னொரு முறை சேமித்து, ‘பத்திரம்’ என்று பெயரும் வைத்தாள்.

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. டேவிட் சிலேட்டில் எழுதிப் பேசினார், சாயங்காலங்களில் தன் குரலைத் தானே கேட்டார். ஜனவரியில் கீழே பாறை வெடித்து ஸ்கெலட்டன் முழுவதும் ஆடியது. அந்த ஊரில் அது புதிதல்ல. விழுந்த பாத்திரங்களை எடுத்து அடுக்கிவிட்டு எல்லோரும் வேலையைப் பார்த்தார்கள். ஆனால் கம்ப்யூட்டருக்குள் ஏதோ கரகரவென்று அரைபட்டு அடங்கிவிட்டது. ரிப்பேர்காரர் மஞ்சுநாத் திறந்து பார்த்தார். “டிஸ்க் போச்சுக்கா. ஒண்ணும் வராது.”

“ரெண்டு காப்பி போட்டனேப்பா.”

“ரெண்டும் இதுக்குள்ளதானக்கா இருந்துது?”

ஃப்ளோரா அழுதாள். டேவிட் சிலேட்டில், ‘அண்ணன் தம்பிய ஒரே கேஜ்ல இறக்கிட்டியே’ என்று எழுதிக் காட்டினார். அங்கே யாரும் அப்படிச் செய்வதில்லை. ஒரே வீட்டுப் பிள்ளைகள் ஒரே ஷிப்டில் இருந்தாலும், சுரங்கத்துக்குள் ஆட்களை இறக்கும் கூண்டில், தம்பி ஏறிய கேஜை விட்டுவிட்டு அண்ணன் அடுத்ததற்கு நிற்பான். கயிறு அறுந்தால் வீட்டுக்கு ஒருவனாவது மிஞ்ச வேண்டும். பிறந்ததிலிருந்து அதைப் பார்த்து வளர்ந்தவள் ஃப்ளோரா. கம்ப்யூட்டருக்கும் அது பொருந்தும் என்று அவளுக்குத் தோன்றவில்லை, அவ்வளவுதான்.

சரோஜம்மாவின் குக்கருக்குப் பிறகு மற்ற வீடுகளிலிருந்தும் தகவல் வந்தது. பாக்கியராஜின் ஸ்கூட்டர் உதைத்ததும் ஜெபம் சொன்னது. ஆபிரகாம் வீட்டு மேசை விசிறி பஜனைப் பாட்டுப் பாடியது. வேகத்தைக் கூட்டினால் சுருதியும் ஏறியது. ஃப்ளோரா எல்லாவற்றையும் இரவல் வாங்கி வந்து தன் வீட்டில் சேர்த்து வைத்தாள். அங்கே அவை வாயே திறக்கவில்லை. திருப்பிக் கொடுத்ததும் பேசின. வீடு வீடாகப் போய் விசாரித்தபோது, ஒவ்வொரு பேச்சும் இரண்டு இடங்களில் இருப்பது தெரிந்தது. விசிறி பாடிய பாட்டையே பாப்பம்மா வீட்டுக் குழாயும் பாடியது. எந்த ஜோடியும் ஒரே கூரைக்கு அடியில் இல்லை. யாரும் அப்படிப் பிரித்து வைக்கவில்லை. சுரங்கத்தில் வேலை செய்தவரின் குரல் என்பதால் இருக்கலாம்.

பிப்ரவரி கடைசியில் சுரங்கம் மூடப்பட்டது. குடும்பங்கள் ஒவ்வொன்றாகப் பெங்களூருக்குக் கிளம்பின. ஃப்ளோராவுக்குத் தூக்கம் போயிற்று. ஆபிரகாம் சாமான் கட்டும்போது விசிறியைத் தூக்கிக்கொண்டு வந்தார். “இத்த இன்னா பண்ணட்டும்மா? உட்டுட்டுப் போவட்டுமா?”

அவள் டேவிட்டைப் பார்த்தாள். அவர் சிலேட்டை எடுக்கவில்லை, வாசல் பக்கம் கையைக் காட்டினார்.

“எடுத்துகினு போங்கண்ணே” என்றாள் ஃப்ளோரா. “பாப்பம்மா ஊட்டுக் கொயா இங்க கீது. விசிறி அங்க இருக்கட்டும். எண்ணெ மட்டும் போட்டுகினு இருங்க.”

ஆகஸ்டில் ஒரு ஞாயிற்றுக்கிழமை பெங்களூரிலிருந்து ஆபிரகாம் போன் செய்து, ரிசீவரை விசிறிக்குப் பக்கத்தில் பிடித்தார். டேவிட் காதை வைத்துக் கேட்டார். பாட்டு முழுதாக, ஒரு வரி விடாமல் வந்தது. அது முடிந்ததும் விசிறியிலிருந்து டேவிட்டின் குரல், அவர் ஒருநாளும் மைக்கில் சொல்லாத ஒன்றைக் கேட்டது: “இங்க செம மழ. அங்க எப்பிடி?”

டேவிட் ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்துவிட்டு, இல்லை என்று தலையாட்டினார். போனில் அது தெரியாதென்பதால் ஃப்ளோரா ரிசீவரை வாங்கி, “இங்க மழ இல்லன்றாரு” என்றாள்.