சோனியா அம்மாவின் பெயர்

நிக்டியில் ஒரு கல்யாண மண்டபத்தில், மாப்பிள்ளை ஓம்கார் தாம்பாளத்தில் பரப்பிய அரிசியின்மேல் தங்க மோதிரத்தால் மணப்பெண்ணின் புதுப் பெயரை எழுதி முடித்ததும், முதல் வரிசையில் உட்கார்ந்திருந்த மணப்பெண்ணின் அம்மா காணாமல் போனார். அவர் எழுந்துபோனதை யாரும் பார்க்கவில்லை, ஏனென்றால் அவர் எழுந்துபோகவில்லை. நாற்காலியில் அவருடைய கைப்பையும், அதன் கீழே பாதி குடித்த மாங்காய்ச் சர்பத்தும் இருந்தன. கல்யாண வீடியோவில் அந்த இடத்தைப் பலரும் நிறுத்தி நிறுத்திப் பார்த்திருக்கிறார்கள். ஒரு கணம் பச்சைப் பட்டுப்புடவை இருக்கிறது, அடுத்த கணம் நாற்காலியின் சிவப்பு உறை இருக்கிறது. வீடியோக்காரர் தன்மேல் தப்பில்லை என்று சொல்லிவிட்டார். அந்த வாரம் தேஹு ரோடு சந்தையில் தக்காளி கிலோ நாற்பது ரூபாய்.

காரணம் ரொம்ப எளிது. மருமகளாக வருகிறவளுக்குச் சொந்தப் பெயரையே மாற்றிவைக்கும் வழக்கம் மராட்டியக் குடும்பங்கள் சிலவற்றில் இன்னும் உண்டு. அரிசியில் எழுதப்பட்ட பெயர் சாயலி. அதுவரை அவள் சோனியா. மகர்பட்டாவில் ஒரு கம்பெனியில், பெரிய சர்வர்களில் லட்சக்கணக்கான கோப்புகளைக் கட்டி மேய்க்கிற வேலை அவளுக்கு. எதையும் அரைகுறையாகச் செய்கிற பழக்கம் இல்லாதவள் என்பதால் ஆபீஸ் மெயில் முதல் ஆதார் வரை எல்லாவற்றிலும் பெயரை மாற்ற முன்னாடியே ஏற்பாடு செய்திருந்தாள். ஆகவே அந்தக் கணத்தில் உலகத்தில் எங்கேயும் அவள் சோனியாவாக இல்லை. அவளுடைய அம்மாவையோ அவள் பிறந்த நாளிலிருந்து எல்லோரும் 'சோனியா அம்மா' என்றே கூப்பிட்டு வந்தார்கள். பால்காரருக்கு 'சோனியா கீ மம்மி', காய்காரிக்கு 'சோனியாச்சி ஆயி'. மொழி எதுவானாலும் முதலில் சோனியாவிடம் போய்த்தான் அம்மாவிடம் போகவேண்டும். சோனியா இல்லாமல் போனதும் அம்மாவுக்குப் போகிற வழி அறுந்துவிட்டது.

அப்பா சுப்பையாவுக்கு இந்த மாதிரித் தொந்தரவு வரவே வராது. சுரண்டையிலிருந்து வந்து தேஹு ரோடு டிப்போவில் ஸ்டோர் வேலைக்குச் சேர்ந்த வாரமே, சுப்பையா என்ற பெயர் வாயில் நுழையாத கூட்டாளிகள் அவரை சுபாஷ் ஆக்கினார்கள். டிப்போவுக்குள் சுபாஷ், கேட்டைத் தாண்டினால் சுப்பையா. இரண்டும் அவர்மேலேயே நேராக ஒட்டிய பெயர்கள். டிப்போவில் சுபாஷ் ஐஸ் தண்ணீர் குடித்தால் வீட்டில் சுப்பையா இருமுவார். சுபாஷை ஆபீசர் கடிந்துகொண்ட அன்று சுப்பையாவுக்குச் சோறு இறங்காது. போன வருடம் ஓய்வு பெற்றபோது, சால்வை போர்த்தி, சுபாஷ் என்ற பெயரை கேட் பாஸோடு சேர்த்து வாங்கிக்கொண்டார்கள். சுப்பையா மறுநாள் காலையில் எழுந்து வழக்கம்போலப் பல் தேய்த்தார்.

கல்யாணத்துக்கு மறுநாள் சுப்பையா வீட்டில் விடிவதற்குள் கோலம் போட்டிருந்தது, பால் காய்ந்திருந்தது, இட்லி வெந்திருந்தது. ஆள்தான் இல்லை. அடுப்படிக்குள் எட்டிப் பார்த்தால் தோசைக்கல்மேல் மாவு வட்டமாகப் பரவும், கரண்டி தானாக ஆணியில் போய்த் தொங்கும், 'சோனியா அம்மா' என்று கூப்பிட்டால் கூப்பிட்ட சத்தம் போய்ச் சேர இடமில்லாமல் திரும்பி வரும். சுப்பையா மகளுக்குப் போன் போட்டார். (இனி அவளைச் சாயலி என்றே எழுதவேண்டும். இல்லாவிட்டால் இந்தக் கதையில் அம்மா தோன்றித் தோன்றி மறைவார்.)

சாயலி பதறவில்லை. ஆபீசில் இதே கோளாறை அவள் வாரத்துக்கு நாலு தடவை பார்க்கிறாள். அப்பாவுக்குப் புரியவேண்டும் என்று அவருடைய டிப்போவை வைத்தே விளக்கினாள். ஸ்டோரில் ஒரு சாமான் ரேக்கில் இருக்கிறது, ரேக்குக்கு ஒரு நம்பர் இருக்கிறது. வாசலில் மாட்டிய அட்டையில் சாமானின் பெயரும் அந்த நம்பரும் இருந்தால், அட்டையைப் படித்தவர் நேராகச் சாமானிடம் போய்விடலாம். அதே நம்பரை எழுதி வேறு பெயரில் இன்னொரு அட்டையும் மாட்டலாம். சாமான் ஒன்று, அட்டை இரண்டு. ஒன்றைக் கிழித்தாலும் மற்றது வேலை செய்யும். கம்ப்யூட்டரில் இதற்கு ஹார்ட் லிங்க் என்று பெயர். அப்பா அந்த ஜாதி. இன்னொரு வகை அட்டை உண்டு. அதில் நம்பரே இருக்காது, 'அந்த அட்டையைப் பார்' என்று மட்டும் எழுதியிருக்கும். அது சிம்பாலிக் லிங்க். அந்த இன்னொரு அட்டை தொலைந்தால், சாமான் ரேக்கில் பத்திரமாக இருக்கும்போதே ஸ்டோர்காரர் தலையைச் சொறிந்துகொண்டு நிற்பார். அம்மாவுக்கு இருந்ததெல்லாம் இந்த வகை அட்டை ஒன்றுதான்.

சுப்பையா சந்தோஷப்பட்டார். அப்படியானால் நேர் அட்டை ஒன்று மாட்டிவிட்டால் தீர்ந்தது. சாயலி அதைத் தான் ஏற்கெனவே செய்து பார்த்துவிட்டதாகச் சொன்னாள். மாமியார் வீட்டு பால்கனியில் நின்று அம்மாவின் சொந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டிருக்கிறாள், ஒன்றும் நடக்கவில்லை. ஹார்ட் லிங்க் ஒரு டிஸ்கிலிருந்து இன்னொரு டிஸ்குக்குப் போகாது. இந்த டிஸ்கின் ரேக் நம்பர் அந்த டிஸ்கில் செல்லாது. அவள் இப்போது வேறு வீடு. அம்மா இருக்கிற வீட்டைச் சேர்ந்தவர்தான் பெயரைச் சொல்லவேண்டும். அந்த வீட்டில் மிச்சமிருப்பவர் ஒரே ஒருவர்.

சுப்பையா போனைக் காதிலிருந்து எடுத்துப் பார்த்துவிட்டு மறுபடி வைத்துக்கொண்டார். அவருக்கு மனைவியின் பெயர் தெரியாமல் இல்லை. தெரிந்ததுதான் சங்கடம். மனைவியின் பெயர் பாலாம்பாள், அவரைப் பெற்ற அம்மாவின் பெயரும் பாலாம்பாள். புது மருமகள் வீட்டுக்குள் காலெடுத்து வைத்த அன்றே பெரிய பாலாம்பாள் கூடத்துச் சாய்வு நாற்காலியில் சாய்ந்தபடி மூக்குப்பொடியை இழுத்துக்கொண்டு, இந்த வீட்டில் இந்தப் பெயருக்கு ஒரு ஆள் போதும் என்று தீர்ப்புச் சொல்லிவிட்டார். மருமகளின் பெயர் அன்றோடு நின்றது. குழந்தை பிறக்கும்வரை சுப்பையா மனைவியை 'இந்தா' என்று கூப்பிட்டார், பிறந்தபின் 'சோனியா அம்மா'. பெரிய பாலாம்பாள் காலமாகி வெகு நாளாகியும் தீர்ப்பை யாரும் மாற்றவில்லை.

"பெத்தவ பேரைச் சொல்லிக் கூப்பிடச் சொல்லுதியாட்டி? நான் கூப்பிட்டு, இவளுக்குப் பதிலா எங்கம்மா எந்திரிச்சு வந்து நின்னா என்ன செய்ய?" என்றார்.

ஒரே பெயர் இரண்டு போல்டர்களில் இருக்கலாம், இரண்டும் வேறு வேறு கோப்பு, ஒன்றோடொன்று மோதாது என்று சாயலி சொன்னாள். சுப்பையா நம்பவில்லை. கம்ப்யூட்டர் செய்தவர்களுக்குத் தன் அம்மாவைத் தெரியாது என்றார்.

அப்போதுதான் சாயலி குரலைத் தாழ்த்தி மிச்சத்தையும் சொன்னாள். ஒரு அட்டைகூட இல்லாத சாமானின் இடத்தைக் கம்ப்யூட்டர் காலி இடமாக எடுத்துக்கொண்டு வேறொன்றுக்குக் கொடுத்துவிடும். ஒரே ஒரு விலக்கு உண்டு. யாராவது அந்தக் கோப்பைத் திறந்துவைத்து வேலை செய்துகொண்டிருந்தால், அந்த வேலை முடியும்வரை அதன்மேல் கை வைக்காது.

"வேலை சாலுவா நடக்கிறவரைக்கும்தான் அம்மா இருப்பா, அப்பா. அடுப்ப அணைச்சுட்டு ஒரு தடவ நிம்மதியா உக்காந்தா, அவ்வளவுதான், கதம்."

வீடு அதற்குள் இடத்தை எடுக்க ஆரம்பித்திருந்தது. மனைவி புடவை மாட்டும் கொக்கியில் சுப்பையாவின் குடை வந்து தொங்கியது. கட்டிலில் மனைவியின் பக்கத்தைப் பழைய பேப்பர்கள் பிடித்துக்கொண்டன. சுப்பையா பேப்பரை எடுத்துக் கீழே வைத்தார், காலையில் அது மறுபடி மேலே இருந்தது. ஆகவே அவர் தன்னால் முடிந்த ஒரே காரியத்தைச் செய்தார். அடுப்படியில் வேலை நிற்காமல் பார்த்துக்கொண்டார். எழுந்தவுடன் டீ கேட்டார், குளித்ததும் டீ கேட்டார். சுண்டல் கேட்டார், அதிரசம் கேட்டார், பாயசம் வைத்து நாளாயிற்று என்று காற்றைப் பார்த்துச் சொன்னார். மனைவியை இழக்கக் கூடாது என்ற அன்பினால் அவர் மனைவியை ஒரு நிமிடம் உட்காரவிடவில்லை. அவருக்கு எடை கூடியது. ஒரு நாள் பாயசத்தில் சர்க்கரைக்குப் பதில் உப்பு இருந்தது. அவர் அதையும் குடித்துவிட்டு, வடை இருக்கிறதா என்று கேட்டார்.

மழைக்காலத்தில் ஒரு மாலை மட்டும் மனைவி தென்பட்டார். எதிர்வீட்டு நஸ்ரினுக்குச் சுப்பையா வீட்டுப் பெண் கல்யாணமாகிப் போன ஏக்கம் தாங்கவில்லை. புதிதாக வாங்கிய பூனைக்குட்டிக்கு அவர் சோனியா என்று பெயர் வைத்தார். வைத்த மறுகணம் நஸ்ரினின் பால்கனியில், பால் கிண்ணத்துக்குப் பக்கத்தில், சோனியா அம்மா முழுசாக உட்கார்ந்திருந்தார். அறுந்த சிம்பாலிக் லிங்க்கின் குணம் அது. எழுதியிருக்கும் பெயரில் புதிதாக எது வந்து சேர்ந்தாலும், அது பூனையா பெண்ணா என்று பார்க்காமல் பிடித்துக்கொள்ளும், டிஸ்க் மாறினாலும் கவலைப்படாது. சுப்பையா வேட்டி தடுக்க ஓடிவந்தார். இப்படியே இருந்துவிடலாமே, பூனை நல்ல ஜாதி, பத்துப் பதினைந்து வருடம் இருக்கும் என்று கெஞ்சினார்.

"பூனைக்கு அம்மாவா இருந்துதான் உங்க கண்ணுக்குத் தெரியணும்னு எனக்கு ஒண்ணும் விதி இல்ல," என்றார் அவர். "எனக்குன்னு ஒரு பேரு இருக்கு. அது என்னன்னு உங்களுக்குத் தெரியும். நாக்கு வளைஞ்சா கூப்பிடுங்க. இல்லன்னா, டீ கேக்கியதயாவது கொறைங்க."

பிறகு நஸ்ரினிடம் பூனைக்கு வேறு பெயர் வைக்கும்படி மரியாதையாகக் கேட்டுக்கொண்டார். நஸ்ரின் அழுதுகொண்டே ராணி என்று வைத்தார். பால்கனியில் பூனை மட்டும் இருந்தது.

தலை தீபாவளி வந்தது. முதல் தீபாவளிக்கு மாப்பிள்ளையைப் பெண் வீட்டுக்கு அழைப்பது மராட்டியர்களிடமும் உண்டு என்பதால் ஓம்காரோடு அவன் அம்மா ராஜஸ்ரீயும், சக்லி, சிவ்டா என்று பலகாரங்களை டப்பா டப்பாவாக எடுத்துக்கொண்டு, தேஹு ரோட்டில் வந்து இறங்கினார். சம்பந்தி அம்மாள் கண்ணுக்குத் தெரிவதில்லை என்பது ராஜஸ்ரீக்குத் தெரியும். அடுப்படிப் பக்கம் திரும்பி ஒரு நமஸ்காரம் போட்டு, தட்டிலிருந்த முறுக்கை ஒரு கடி கடித்து, பிரமாதம் என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தார். உள்ளே வடை பொரியும் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. சுப்பையா ஒரு காதை அங்கேயே வைத்திருந்தார்.

சாப்பிடுவதற்கு முன்னால் ராஜஸ்ரீ தங்கள் வழக்கம் ஒன்றை நடத்தச் சொன்னார். கணவன் பெயரை மனைவியும் மனைவி பெயரைக் கணவனும், சும்மா சொல்லாமல் இரண்டு வரி கட்டி அதில் வைத்துச் சொல்லவேண்டும். அதை 'பெயர் எடுப்பது' என்பார்கள். சாயலி ஓம்காரின் பெயரை எடுத்தாள். ஓம்கார் சாயலியின் பெயரை எடுத்து, இரண்டாவது வரியில் எதுகை கிடைக்காமல் மாட்டிக்கொண்டான், எல்லோரும் சிரித்தார்கள். ராஜஸ்ரீ சுப்பையாவின் பக்கம் திரும்பி, இப்போது பெயர் எடுப்பது அவர் முறை என்றார்.

"ஆதா தும்ஹீ. நாவ் க்யா, பாவுஜி."

சுப்பையா, எங்கள் பக்கத்தில் அப்படி வழக்கமில்லை என்று இந்தியில் ஆரம்பித்தார். வாக்கியத்தின் பாதியில் அடுப்படியில் வடைச் சத்தம் நின்றது. சிலிண்டர் தீர்ந்துவிட்டது. மாற்று சிலிண்டர் போன வாரமே தீர்ந்திருந்தது, புக் செய்தது பண்டிகை நெரிசலில் வந்து சேரவில்லை. இரண்டையும் தீர்த்தது அவர் குடித்த டீதான். எண்ணெய் ஆறும் சின்னச் சத்தம் கேட்டது. அதன் பிறகு, முக்காலியை இழுத்துப் போட்டு யாரோ உட்காரப் போகிற சத்தம் கேட்டது. சாயலி, "அப்பா, போலோ நா, சொல்லுங்க," என்றாள். அவள் முகம் வெளுத்திருந்தது. சுப்பையா எழுந்து நின்றார். இறந்துபோன அம்மாவிடம் மனதுக்குள் மன்னிப்புக் கேட்டுக்கொண்டு, கண்ணை இறுக மூடிக்கொண்டு, பள்ளிக்கூடத்துப் பையன் ஒப்பிப்பதுபோலச் சொன்னார்:

"லோக்கல் வண்டி லேட்டாச்சு, லோனாவாலா போயாச்சு;
பாலாம்பாள் பேரை நான் பயந்துக்கிட்டே சொல்லியாச்சு."

முதலில் கூடத்தில் மூக்குப்பொடி வாசனை வந்தது. காலியாக இருந்த சாய்வு நாற்காலியிலிருந்து ஒரு தும்மல் கேட்டது. ராஜஸ்ரீ பழக்கதோஷத்தில் அந்தப் பக்கமும் ஒரு நமஸ்காரம் போட்டார். பிறகு அடுப்படி வாசலில் பாலாம்பாள் நின்றார். பச்சைப் பட்டுப்புடவை, இடுப்பில் செருகிய கைத்துணி, கையில் பாதி வெந்த வடையோடு ஜல்லிக்கரண்டி. எல்லோரையும் ஒரு சுற்றுப் பார்த்துவிட்டுக் கணவரிடம் கேட்டார்:

"காதுல சரியா விழல. இன்னொருக்கச் சொல்லுங்க."

சுப்பையா இன்னொரு தடவை சொன்னார். இந்தத் தடவை கண்ணைத் திறந்துகொண்டு சொன்னார். பாலாம்பாள் போய்க் கட்டிலிலிருந்த பேப்பரைத் தள்ளிவிட்டுத் தன் இடத்தில் உட்கார்ந்தார். அடுப்பு அணைந்திருந்தது. வேலை எதுவும் நடக்கவில்லை. அவர் மறையவில்லை. மிச்ச வடையை சுப்பையாவும் ஓம்காரும் நஸ்ரின் வீட்டு அடுப்பில் பொரித்து எடுத்து வந்தார்கள், அதில் பாதி கருகியிருந்தது.

இப்போது அந்தத் தெருவில் அவரைப் பாலாம்பாள் என்றும் கூப்பிடுகிறார்கள், பழக்கம் விடாதவர்கள் சோனியா அம்மா என்றும் கூப்பிடுகிறார்கள். இரண்டாவது பெயர் எங்கேயும் போய்ச் சேர்வதில்லை, ஆனால் முதல் பெயர் இருப்பதால் நஷ்டமில்லை. சிலிண்டர் இரண்டு மாதம் வருகிறது. சுப்பையாவின் எடை குறைந்திருக்கிறது. ஒன்று மட்டும் உண்டு. அவர் மனைவியைப் பெயர் சொல்லிக் கூப்பிடும்போதெல்லாம் கூடத்தில் மூக்குப்பொடி வாசனை வந்து, சாய்வு நாற்காலி லேசாக ஆடி, யாரோ எழுந்து வரப் பார்ப்பதுபோல இருக்கும். பாலாம்பாள் அடுப்படியிலிருந்து, வெங்காயம் நறுக்குவதை நிறுத்தாமல், திரும்பிக்கூடப் பார்க்காமல் சொல்வார்:

"உங்கள இல்ல அத்தே, என்னத்தான் கூப்பிடுதாவ."

நாற்காலி நின்றுவிடும்.