வெர்னாவின் மேல்வரிசை

பேண்டுப் போட்டி மைதானத்தின் நட்டநடுவில், அத்தனை பேர் பார்த்திருக்க, வெர்னா பெப்ருவரியின் பல்செட் கழன்று விழுந்தது. சாக்ஸபோனில் தனிப்பாகத்தின் உச்சிக்கு ஏறிக்கொண்டிருந்தாள். மவுத்பீஸைச் சற்று அழுத்திக் கடித்ததும் பல்செட் ஒரு பக்கம் தூக்கி, நழுவி, புல்லில் நடுவர் ஒருவரின் ஷூவுக்குப் பக்கத்தில் போய்க் கிடந்தது. வெர்னா நிறுத்தவில்லை. வெறும் ஈற்றின் மேல் உதட்டை மடித்துக்கொண்டு மிச்சப் பாட்டையும் வாசித்து முடித்தாள். ஆனால் கூட்டத்திலிருந்து எழுந்த சிரிப்பு பாட்டை விழுங்கிவிட்டது. நடுவர் குனிந்து பல்செட்டை எடுத்துத் தன் கைக்குட்டையில் சுற்றி, மரியாதையாகவே நீட்டினார். சிரிப்பைக்கூட அவள் மறந்துவிட்டாள். அந்த மரியாதைதான் எரிந்துகொண்டே இருந்தது.

கேப் டவுன் ரேவன்ஸ்மீட் தெருக்களில் மேல் முன்பற்கள் நான்கைப் பிடுங்கிக்கொள்வது இளவயதின் அலங்காரம். வெர்னா பதினைந்து வயதில் இரண்டு தோழிகளோடு போய் ஒரே மதியத்தில் பிடுங்கிக்கொண்டு, பஞ்சைக் கடித்தபடி சிரித்துக்கொண்டே வீடு திரும்பினாள். அம்மா திட்டவில்லை. அம்மாவுக்கும் அதே இடைவெளி. அதற்குப் பிறகு ஈறு நோயில் மற்றவையும் ஒவ்வொன்றாகப் போய், நாற்பதைத் தாண்டும்போது மேல்வரிசையே இல்லை. தெருவில் அது யாருக்கும் குறையாகத் தெரியாது. பண்டிகை நாட்களில் தெருத்தெருவாகப் போய் வாசிக்கும் கிறிஸ்மஸ் பேண்டில் மட்டும் கணக்கு வேறு. பேண்டுக்கு மானம் பெரிது. போட்டி நாளில் காலர், சாக்ஸ், தொப்பி, பல் எல்லாவற்றையும் அணித்தலைவர் ஆப்ரி காலையிலேயே ஒவ்வொருவராகப் பார்த்துவிடுவார். பல் இல்லாதவர்கள் பல்செட் மாட்டிக்கொண்டுதான் முன்வரிசையில் நிற்கலாம்.

மறுவாரம் ஒத்திகை முடிந்ததும் ஆப்ரி அவளைத் தனியாகக் கூப்பிட்டார்.

“அடுத்த வருஷம் தனிப்பாகத்தை ரேனால்ட் வாசிக்கட்டும். நீ பின்வரிசைக்கு வந்துடும்மா.”

“பல்லு விழுந்ததுக்குத் தண்டனையா அங்கிள்?”

“உன் வாசிப்புல எந்தக் குறையும் இல்ல. பல்செட் போட்டா விழுது. போடலேன்னா முன்னாடி நிறுத்த முடியாது. நான் என்ன பண்ணட்டும், சொல்லு.”

“விழாத பல்லோட வர்றேன்.”

“பசை போட்டு ஒட்டப் போறியா?”

“எலும்புல ஸ்க்ரூ போட்டு முடுக்கப் போறேன்.”

பெட்டியை மூடிக்கொண்டிருந்த ரேனால்ட் யாஃப்தா தலை நிமிர்ந்தான். பேருந்து ஓட்டுநர். அவளைவிடப் பத்து வயதுதான் இளையவன். ஆனால் வேண்டுமென்றே ஆன்ட்டி என்பான். “ஆன்ட்டி, ஸ்பேனரையும் கையோட கொண்டு வந்துடுங்க. பாதி பாட்டுல லூசாச்சுன்னா நான் முடுக்கி விடறேன்.”

“உன் மண்டையில லூசா இருக்கிறதை முதல்ல முடுக்கு” என்றாள் வெர்னா.

பல் மருத்துவக் கல்லூரியில் மேற்படிப்பு மாணவர்கள் செய்யும் சிகிச்சைக்கு அவளைச் சேர்த்துக்கொண்டார்கள். அதனால் பணம் தடையாக இல்லை. தடை வேறு இரண்டு. அந்த மாணவர்களில் ஒருத்தியான டாக்டர் சிசாண்டா வெர்னாவின் எக்ஸ்ரேயை விளக்குப்பலகையில் வைத்துக்கொண்டு அவற்றைச் சொன்னாள்.

“சிகரெட்டை இன்னியோட விடணும். புகை பிடிச்சா ஸ்க்ரூ எலும்போட சேராது. அப்புறம், அது சேர்ந்து உறையற வரைக்கும் சாக்ஸபோன் ஊதக் கூடாது. ஆறு மாசம் ஆகும்.”

சிகரெட்டுக்கு வெர்னா தலையாட்டினாள். இரண்டாவதற்குத்தான் வாய் திறந்தாள். “ஊதாம, விரல மட்டும் ஓட்டிக்கலாமா?”

“விரலுக்கு நான் டாக்டர் இல்லம்மா” என்று டாக்டர் சிரித்தாள்.

வீட்டில் கணவன் ஹில்டன் விஷயத்தைக் கேட்டுவிட்டுத் தன் ஓட்டைப்பல் தெரிய இளித்தான். கப்பல் பட்டறையில் வெல்டர். அவனுக்கும் முன்பற்கள் நான்கும் இல்லை. அதில் பெருமையும் உண்டு. “இந்தச் சந்து வழியா விசில் அடிச்சுத்தானே உன்னை மடக்கினேன். இப்ப நீ மட்டும் கதவைச் சாத்திக்கிறியா வெர்ன்?”

“நீ விசில் அடி. நான் சாக்ஸபோன் அடிக்கிறேன். இனிமே சிகரெட் புடிக்கணும்னா கேட்டுக்கு வெளியில போய் நில்லு.”

“தென்கிழக்குக் காத்துல தீக்குச்சி நிக்காதுடி.”

“நிக்காட்டி போகட்டும், உனக்கும் நல்லதுதான்.”

மார்ச்சில் மேல்தாடையில் ஆறு ஸ்க்ரூக்களை இறக்கினார்கள். கன்னம் வீங்கி, கண்ணுக்குக் கீழே கருநீலம் பூத்தது. வீக்கம் வடிந்ததும் வெர்னா ஒத்திகைக்குப் போனாள். பின்வரிசையில் உட்கார்ந்து, சாக்ஸபோனை மடியில் வைத்து, மவுத்பீஸை வாயில் வைக்காமல் விரல்களை மட்டும் ஓட்டினாள். விசைகள் தடதடவென்று அடித்துக்கொள்ளும் சத்தம் மட்டும் கேட்கும். பக்கத்திலிருந்தவர்கள் முதலில் சிரித்தார்கள், பிறகு பழகிவிட்டார்கள். ரேனால்ட் முன்வரிசையில் நின்று அவளுடைய பாகத்தை வாசித்தான். பிழையே இல்லாமல் வாசித்தான். அவள் எங்கே மூச்சு எடுப்பாளோ அங்கேயே எடுத்தான். அடக்க முடியாத சிகரெட் ஆசை வந்தது அந்த நாட்களில்தான். அப்போதெல்லாம் கிராம்பைக் கீழ்க் கடைவாயில் அடக்கிக்கொண்டாள்.

செப்டம்பரில் ஸ்க்ரூக்களின் மேல் தற்காலிக வரிசையை முடுக்கினார்கள். பிளாஸ்டிக் பற்கள். ஓரிரு மாதம் பழகிய பிறகு அதே வடிவத்தில் நிரந்தர வரிசை வரும். அன்றைக்கு இரவுச் சாப்பாட்டில் ஆட்டு விலா எலும்பை அவள் முன்பல்லால் கடித்து இழுத்ததை ஹில்டன் ஃபோர்க்கைக் கீழே வைத்துவிட்டுப் பார்த்தான். எலும்பை வைத்துவிட்டு அவள் நேரே போய்ப் பெட்டியைத் திறந்து சாக்ஸபோனை எடுத்து ஊதினாள்.

வந்த சத்தம் அவளுடையதல்ல.

அவளுக்குச் சொல்லிக்கொடுத்தது அவள் அப்பா. அவருக்கும் முன்பல் கிடையாது. மேலுதட்டை உள்ளே மடித்து, ஈற்றுக்கும் மவுத்பீஸுக்கும் நடுவே மெத்தைபோல் வைத்து ஊதுவார். அந்த பேண்டின் பழைய சாக்ஸபோன்காரர்கள் அத்தனை பேரும் அப்படித்தான் ஊதினார்கள். வேறு வழி உண்டென்றுகூட யாரும் யோசித்ததில்லை. வாயை மூடிக்கொண்டு ஒருவர் முனகுவதைப்போல மிருதுவாக வரும் அந்த ஒலிதான் பேண்டின் ஒலி என்று ஊரில் பெயராகிவிட்டது. இப்போது பல் வந்துவிட்டதால், புத்தகப் படங்களில் பார்த்தபடி வெர்னா பல்லை நேரே மவுத்பீஸின் மேல் பதித்து ஊதினாள். ஒலி கூராக, தகரத்தைச் சுரண்டுவதைப்போல வந்தது.

ஆப்ரி ஒத்திகைக் கூடத்தில் ஒரு முறை கேட்டார். மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

“கடற்படை பேண்டு மாதிரி இருக்கும்மா.”

“நேத்துதானே மாட்டினாங்க அங்கிள்.”

“தெரியும். டிசம்பர் முதல் ஞாயித்துக்கிழமை தனிப்பாகத்துக்கு ஆள் முடிவு பண்ணிடுவேன். வழக்கம்போல நானும் மூத்தவங்களும் முதுகைத் திருப்பிக்கிட்டு உக்காருவோம். யார் ஊதுறாங்கன்னு பாக்க மாட்டோம், காதுல விழுறதை மட்டுந்தான் கேப்போம். நம்ம சத்தம் வந்தா உனக்கு. இல்லேன்னா ரேனால்டுக்கு.”

“ரேனால்டுக்கு எல்லாப் பல்லும் இருக்கே. அவன் சத்தம் மட்டும் நம்ம சத்தமா?”

“அவன் பதினஞ்சு வருஷமா உதட்டை மடிச்சுப் பழகியிருக்கான். உங்கப்பாதான் சொல்லிக்கொடுத்தார்.”

அது அவளுக்குத் தெரியாது. அன்று வீட்டுக்கு வந்ததும் உதட்டைப் பல்லுக்கு அடியில் மடித்து ஊத ஆரம்பித்தாள். மூன்றாவது நாள் உதட்டின் உள்பக்கம் கிழிந்து சீவாளியெல்லாம் ரத்தம். வலிக்கும்வரை தான் கடிப்பதே அவளுக்குத் தெரியவில்லை. ஈறு எவ்வளவு அழுத்துகிறோம் என்று சொல்லிக்கொண்டே இருக்கும். இந்த வரிசை எதுவும் சொல்லவில்லை. வேறு யாருடைய வாயோ அவள் முகத்தில் மாட்டியிருப்பதைப்போல இருந்தது.

“நீ இவ்வளவு கஷ்டப்பட வேண்டாம்” என்றான் ஹில்டன், உப்புநீர்க் கோப்பையை நீட்டியபடி. “பின்வரிசையும் வரிசைதானே. பல்லு வந்துடுச்சு, கறி கடிக்கிறே, அது போதாதா?”

“கறி கடிக்கவா நான் ஆறு மாசம் வாயை மூடிக்கிட்டு இருந்தேன்?”

“நீ எங்கடி வாயை மூடிக்கிட்டு இருந்தே?” என்றான் அவன். அவள் உப்புநீரைக் கொப்பளித்து, சிரிப்பை அடக்க முடியாமல் தொட்டியெல்லாம் தெறிக்கவிட்டாள்.

அடுத்த பரிசோதனைக்கு வெர்னா சாக்ஸபோன் பெட்டியோடு போனாள். அந்தக் கூடத்தில் வரிசையாக நாற்காலிகள். ஒவ்வொன்றிலும் ஒருவர் வாயைப் பிளந்து படுத்திருந்தார்.

“இங்கயா?” என்றாள் டாக்டர் சிசாண்டா.

“நான் ஊதுறதை நீங்க பாக்கலேன்னா எங்க தப்புன்னு எப்படிச் சொல்லுவீங்க?”

டாக்டர் தன் பேராசிரியரின் அறைப் பக்கம் ஒரு முறை பார்த்தாள். பிறகு திரையை இழுத்து மூடிவிட்டு, “ஊதுங்கம்மா” என்றாள்.

வெர்னா ஒரு தேவாலயக் கீர்த்தனையை மெல்ல எடுத்தாள். துளையிடும் கருவிகளின் இரைச்சல் ஒவ்வொன்றாக நின்றது. பக்கத்து நாற்காலிக்காரர் வாயில் பஞ்சோடு ஏதோ சொன்னார். இரண்டாவது அடியில் டாக்டர் கையை உயர்த்தி நிறுத்தி, உதட்டைத் திருப்பிப் பார்த்தாள்.

“நிஜப் பல்லோட வேர்ல உணர்ச்சி இருக்கும்மா. கொஞ்சம் அழுத்தினாலே போதும்னு சொல்லிடும். ஸ்க்ரூவுக்கு அது கிடையாது. அதான் நீங்க நாய் எலும்பைக் கடிக்கிற மாதிரி கடிக்கிறீங்க, தெரியவே மாட்டேங்குது.”

“அப்ப வழியே இல்லையா?”

“பல்லு சொல்லாததை வேற ஏதாச்சும்தான் சொல்லணும்.” டாக்டர் தட்டிலிருந்து ஒரு சிறு நீலத்தாளை எடுத்தாள். பல் எங்கே தட்டுகிறது என்று பார்க்க அவர்கள் கடிக்கத் தரும் மைத்தாள். அதை மவுத்பீஸின் மேல் வைத்து, உதட்டை மடிக்காமல் ஊதச் சொன்னாள். எடுத்துப் பார்த்தபோது முன்பற்கள் பட்ட இடத்தில் தாள் ஓட்டையாகியிருந்தது. மவுத்பீஸில் கனமான நீலக் கோடு.

“இந்தக் கோடு மெலிசாகணும். வெறும் நிழல் மாதிரி. அந்த அளவு கைவந்ததும் உதட்டை மடிங்க.”

“அந்த ஓரத்தையும் கொஞ்சம் தேயுங்க டாக்டர். கத்தி மாதிரி இருக்கு.”

“நான் அழகு பாத்துப் பாத்து வச்ச பல்லும்மா அது. தேய்ச்சா வயசான பல்லு மாதிரி ஆயிடும்.”

“எனக்கு நாப்பத்தெட்டு. பதினெட்டு வயசுப் பல்லை வச்சுக்கிட்டு நான் என்ன பண்ண? தேயுங்க.”

டாக்டர் கொஞ்சம் தேய்த்தாள். வெர்னா ஊதினாள், போதாதென்று தலையை ஆட்டினாள். டாக்டர் மறுபடி தேய்த்தாள். திரைக்கு வெளியே யாரோ, “கீர்த்தனையை முழுசா வாசிங்க சிஸ்டர், பாதிப் பாதியா கேட்டா இன்னும் வலிக்குது” என்று கத்தினார். நடுப்பற்கள் இரண்டின் உள்ளோரமும் உருண்டையாகும்வரை இருவரும் விடவில்லை. நிரந்தர வரிசையையும் இதே அச்சில் செய்வதாக டாக்டர் சொன்னாள். போகும்போது ஒரு கட்டு நீலத்தாளைக் கையில் திணித்தாள்.

அங்கே செப்டம்பரில் தொடங்கும் வசந்தம் முழுக்க வெர்னாவின் வாய் நீலமாகவே இருந்தது. அவள் வேலை செய்த தையல் ஆலையில் பக்கத்து மேஜைக்காரி, “மையைக் குடிக்கிறியா?” என்றாள். வேலை முடிந்து வந்ததும் சமையலறை நாற்காலியில் உட்காருவாள். ஒரே ஸ்வரத்தை நீளமாக ஊதி, தாளை எடுத்து ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பாள். தாள் கிழிந்திருந்தால் மறுபடியும் அதே ஸ்வரம். காதையும் பழக்கினாள். கடி கூடும்போது ஒலியின் அடியில் ஒரு கீறல் வரும் என்று கண்டுகொண்டாள். அதற்குப் பிறகு தாளைப் பார்க்கும் முன்பே அவளுக்குத் தெரிய ஆரம்பித்தது. கீழ் ஸ்வரங்கள் முதலில் வசப்பட்டன. நடுவில் உள்ளவை அக்டோபர் கடைசியில். உச்சி மட்டும் முரண்டு பிடித்தது. அங்கே மூச்சு ஏறும்போதெல்லாம் தாடையும் சேர்ந்து இறுகிற்று. நவம்பரில் நிரந்தர வரிசை வந்தது. கண்ணாடியில் பார்த்துவிட்டு, “யாரோ டீச்சரம்மா மாதிரி இருக்கேன்” என்றாள். “டீச்சரம்மா, வீட்டுப்பாடம் செய்யல” என்று ஹில்டன் கையை நீட்டினான். அவள் அதில் ஓர் அடி வைத்துவிட்டு சாக்ஸபோனை எடுத்தாள்.

டிசம்பர் முதல் ஞாயிறு. கூடத்தின் ஜன்னல்களைக் காற்று உலுக்கிக்கொண்டிருந்தது. ஆப்ரியும் மூத்தவர்கள் நால்வரும் நாற்காலிகளைச் சுவர்ப் பக்கம் திருப்பிப் போட்டு உட்கார்ந்தார்கள். யார் முதலில் என்று ரேனால்டும் வெர்னாவும் சைகையிலேயே பேசி முடிவு செய்தார்கள். அவன் முதலில் வாசித்தான். எப்போதும்போலப் பிழையில்லை. முடித்துவிட்டு நகர்ந்து அவளுக்கு இடம் விட்டான். வாயைத் திறக்காமல் ஸ்பேனர் திருகுவதைப்போல விரலைத் திருகிக் காட்டினான். அவள் புருவத்தை உயர்த்திவிட்டு நின்றாள்.

உதட்டை மடித்தாள். முதல் அடி சுத்தமாக வந்தது. வாயை மூடி முனகுவதைப்போன்ற அந்த ஒலி சுவரில் பட்டுத் திரும்புவதை அவளே கேட்டாள். முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்த கிழவர்களில் ஒருவரின் தலை மெல்ல ஆட ஆரம்பித்தது. மூன்றாவது அடியில் உச்சி. மூச்சு ஏறியது, தாடை இறுகப் பார்த்தது, ஒலியின் அடியில் அந்தக் கீறல் எட்டிப்பார்த்தது. அவள் தாடையை விட்டாள். ஸ்வரம் ஒரு கணம் ஆடி, உடையாமல் நின்றது. உதட்டுக்குள் உப்பு ருசித்தது. கடைசி அடிவரை போனாள்.

ஆப்ரி உடனே திரும்பவில்லை. மற்ற நால்வரோடும் குசுகுசுத்தார். பிறகு நாற்காலியைத் திருப்பிக்கொண்டு இருவரையும் மாறி மாறிப் பார்த்தார்.

“ரெண்டாவதா வாசிச்சது யாரு?”

“நான்தான் அங்கிள்.”

“தனிப்பாகம் உனக்கு.” அவர் கண்ணாடியைக் கழற்றினார். “ஆனா அந்த உச்சி இன்னும் கொஞ்சம் கடிக்குதும்மா. போட்டிக்குள்ள சரி பண்ணிடு.”

ரேனால்ட் தன் பெட்டியைப் பூட்டினான். முகம் வாடித்தான் இருந்தது. “கடிச்சே வாங்கிட்டீங்க ஆன்ட்டி” என்றான்.

கிழவர்கள் எழுந்து தொப்பிகளைத் தேட ஆரம்பித்தார்கள். வெர்னா உதட்டைப் புறங்கையால் துடைத்து, சீவாளியை நேராக்கினாள்.

“எங்க கிளம்பிட்டீங்க? உக்காருங்க. உச்சியை இன்னொரு தடவை வாசிக்கிறேன்.”

“இப்பவேவா?”

“இப்பவே. சுவர்ப் பக்கம் திரும்பிக்குங்க அங்கிள்.”

அவர்கள் மறுபடியும் உட்கார்ந்து நாற்காலிகளைத் திருப்பினார்கள்.