மௌனசாமியின் நாற்காலி

சீன மொழியிலிருந்து பிரெஞ்சுக்கு, அதுவும் வரி, சுங்கச் சட்டங்களை மொழிபெயர்க்கத் தெரிந்த ஆள் வேண்டும் என்று புதுச்சேரிக் கம்பெனி ஈமெயில் அனுப்பியபோது வினோதினிக்குச் சிரிப்புதான் வந்தது. செங்கம் ரோட்டில் பிரவுசிங் சென்டர் நடத்துகிறவள் அவள். வெளிநாட்டுக்காரர்கள் வந்து தங்குகிற ஊர் என்பதால் அந்தக் கம்பெனி அவ்வப்போது அவளிடம் மொழிபெயர்ப்பாளர் கேட்கும். இந்த ஆளைப் பிடித்துக் கொடுத்தால் அவளுக்கே நிரந்தர வேலை என்று கடைசி வரியில் இருந்தது. சிரிப்பு நின்றுபோயிற்று. பௌர்ணமிக்குப் பௌர்ணமி மட்டும் கிரிவலக் கூட்டம் பார்க்கிற கடையை நம்பி எத்தனை காலம் ஓட்டுவது?

சீனம் தெரிந்தவருக்குப் பிரெஞ்சு வரவில்லை. இரண்டும் தெரிந்த ஓர் அம்மாள், சட்டம் என்றதும் போனை வைத்துவிட்டார். வெண்ணெயைக் கையில் வைத்துக்கொண்டு நெய்க்கு அலைந்த கதைதான். அவள் வீட்டு மாடியிலேயே ஒரு பிரெஞ்சுக்காரர் குடியிருந்தார். வந்த நாளிலிருந்து வாய் திறக்காதவர். வேண்டியதைச் சிலேட்டில் எழுதிக் காட்டுவார். தெருவில் அவருக்கு மௌனசாமி என்று பெயர். ஷாங்காயில் சுங்க வழக்குகள் பார்த்த வக்கீல் என்பது அவருடைய விசா விண்ணப்பத்தை டைப் அடித்த வினோதினிக்குத் தெரியும்.

"வேணாம் வினோ. அதெல்லாம் வேணாம்னுதான அவரு இங்க வந்து உக்காந்துனு இருக்காரு" என்றாள் அவருக்கு வேளாவேளைக்குச் சோறு கொண்டுபோகும் அம்மா சரசு.

"நான் என்ன பேசவா சொல்றேன்? எழுதத்தானம்மா கேக்கறேன்."

நியாயம்தான். மௌனம் நாக்குக்குத்தானே, கைக்கு இல்லையே.

அவள் பிரின்ட் எடுத்துக் கொடுத்த காகிதங்களை அவர் வெகுநேரம் பார்த்தார். பிறகு 'ஒரு முறை மட்டும்' என்று ஆங்கிலத்தில் எழுதிக் காட்டினார். கம்ப்யூட்டரை மாடிக்குத் தூக்கிவந்தாள். பிளக் எதிர்ச்சுவரில் இருந்தது. எந்நேரமும் மலையைப் பார்த்தபடி ஜன்னலோரம் கிடந்த பிரம்பு நாற்காலியை அவளே சுவர்ப்பக்கம் திருப்பிப் போட்டாள்.

அதன்பின் சோற்றுத்தட்டு போனபடியே திரும்பி வந்தது. சரசு அதைக் கொட்டிவிட்டு, மகள் கண்ணில் படும்படி கழுவினாள்.

வேலை முடிந்து அனுப்பியதும் கம்பெனியிலிருந்து போன் வந்தது. ஒரு பத்தி தப்பு, மாற்ற வேண்டுமாம். வினோதினி செல்லோடு மாடியேறி விஷயத்தைச் சொன்னாள். அவர் செல்லைப் பிடுங்கிக்கொண்டு பிரெஞ்சில் கத்தினார். கரகரத்த, எதிராளியை மடக்கிப் பழகிய குரல். தட்டோடு ஏறிவந்த சரசு படியிலேயே நின்றுவிட்டாள். கீழே தெருவில் பூக்காரம்மா அண்ணாந்து பார்த்தாள்.

எதிர்ப்பக்கம்தான் கடைசியில் இறங்கிவந்தது. செல்லை வாங்கிக் காதில் வைத்த வினோதினியிடம், வேலை உனக்குத்தான், முதல் தேதி வந்து சேர்ந்துவிடு என்றார்கள். மனசு துள்ளியது. கூடவே, தூங்குகிற குழந்தையைத் தட்டி எழுப்பிவிட்டதுபோல் ஒரு பயம்.

"மன்னிச்சுக்குங்க சாமி. கம்ப்யூட்டரை எடுத்துக்கறேன்" என்று பிளக்கில் கை வைத்தாள்.

அவர் அவள் கையைத் தடுத்து, காகிதங்களைக் காட்டினார்.

"இன்னும் இருக்கா?"

தமிழில்தான் கேட்டார், சோறு போடும்போது 'இன்னும் வேணுமா' என்று சரசு கேட்கிற அதே மாதிரி. மலைப்பக்கத்து வெயில் திரையில் விழுந்து எழுத்துகளை மறைத்தது. அவர் எழுந்துபோய் ஜன்னலைச் சாத்திவிட்டு வந்து உட்கார்ந்தார்.